ஏடு படிந்த நாக்கு

எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில், பால்கோவா கிண்டும் ஒரு பட்டறையில் எனக்குப் பால் வாங்கும் வேலை. தண்ணீர் கலந்தால் பால்மானி காட்டிவிடும். மேலே படியும் ஏட்டை எடுத்துவிட்டுக் கொண்டுவந்தால் அது காட்டாது. அதற்கு என் நாக்குதான். பள்ளிக்கூடம் போகாத எனக்கு அது ஒன்றே படிப்பு. ஒரு சொட்டிலேயே கொழுப்பு தெரிந்துவிடும். அப்போது நான் குச்சிபோல இருப்பேன். காலையில் கம்பங்கூழ், ராத்திரி ரசம்.

சட்டியில் ஒட்டிய கோவாவைச் சுரண்டித் தின்பது பட்டறை வழக்கம். முதலில் ஒரு விரல் அளவே திகட்டும். பிறகு கை நிறைய ஆனது. ராஜபாளையத்தில் மாமனார் வீடு. அங்கே கோழிக்குழம்பில் எண்ணெய் மிதக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மாமியார் கோபித்துக்கொண்டது தனிக்கதை. நாலு முழ வேட்டி இடுப்புக்குப் பத்தாமல் எட்டு முழத்துக்கு மாறினேன். அதோடு, யார் பாலும் நாக்கில் வெறும் தண்ணீராகத் தெரிய ஆரம்பித்தது. பாலைத்தான் சந்தேகப்பட்டேன்.

வன்னியம்பட்டியில் ஒற்றை எருமையை வைத்துப் பிழைத்த ஒரு பெண் தினமும் தூக்குவாளியில் பால் கொண்டுவருவாள்.

"ஏத்தா, ஏட்ட வீட்டுல வச்சிட்டு மிச்சத்த இங்க கொண்டாந்தியாக்கும்?" என்றேன் ஒருநாள்.

"கடைசிச் சொட்டு வரைக்கும் ஒட்டக் கறந்த எருமப் பாலுண்ணே!" என் தொப்பையைப் பார்த்தாள். "ஏடு ஒம்ம நாக்குலல்லா படிஞ்சு கெடக்கு!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நாளைலருந்து வராத" என்றேன்.

தொண்ணூறுகளில் எனக்குப் பித்தப்பையில் கல். எண்ணெய், நெய், பால் எதுவும் தொடக்கூடாது என்றார் டாக்டர். நாலைந்து மாதம் கஞ்சியும் அவித்த காயும்தான். உடம்பு பாதியானது. திரும்ப வேலைக்குப் போன அன்று ஒரு சொட்டுப் பாலை நாக்கில் விட்டேன். திகட்டியது. அடுத்தவர் பாலும் திகட்டியது. தண்ணீர் என்று நான் திட்டிய அதே ஆட்களின் பால்தான்.

மறுநாளே வன்னியம்பட்டிக்குப் போனேன். தொழுவத்தில் விறகு அடுக்கியிருந்தாள்.

"எரும எங்கத்தா?"

"நீரு வேண்டாம்னதும் ஊருல ஒருத்தரும் வாங்கலண்ணே. ஏடு எடுக்கிறவளாம்னு பேரு. வித்துட்டேன்."

"தப்பு எந்நாக்குலதாம்த்தா."

"அத நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று சிரித்தாள். "ஒக்காரும், பாதியா எளச்சுட்டீரே."

உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். பால் விடாத கடுங்காப்பி. மன்னிப்புக் கேட்க வந்தவன், அதைக் குடித்து முடிக்கும்வரை டம்ளரை விட்டுத் தலை தூக்கவில்லை.