கேமரா பையில் நான் போட்ட முடிச்சு

மகளின் கேமராவுக்கு இன்சூரன்ஸ் எடுக்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போன அன்று என் கைப்பையில் ஒரு நைலான் கயிறும் இருந்தது. வீட்டில் விட்டுவிட்டு வந்தால் அவள் அதை மறுபடி கட்டிக்கொள்வாளோ என்று பயம்.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறாள். வேலையெல்லாம் பெங்களூர் பக்கம்தான். விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் திரும்பி வர இருட்டிவிடும். கேமரா வாங்கிய அன்றே பையின் வளையத்தில் கயிற்றைக் கோத்து, மறுமுனையை அவள் பெல்ட்டில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தவள் நான்.

எங்கள் வீட்டில் அது பழக்கம். என் அப்பா தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் இறங்கும் செங்குத்துக் குழியான ஷாஃப்டைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். ஸ்பேனரோ சுத்தியலோ எதுவானாலும் இடுப்போடு கயிற்றில் கட்டித்தான் ஷாஃப்டுக்குள் எடுத்துப்போக வேண்டும். கை நழுவினால் கீழ்த்தளத்தில் நிற்கிற ஆளின் தலையில் விழும். அந்த வழக்கம் ஸ்கெலட்டன் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சாவி, டார்ச், குடை, என் ஜாமெட்ரி பாக்ஸ் வரைக்கும் எல்லாவற்றுக்கும் கயிறு. இழுக்க இழுக்க இறுகும் அந்த முடிச்சை எனக்குப் பத்து வயதிலேயே போடத் தெரியும்.

போன மாதம் அந்த முடிச்சுதான் என் மகளை ரயிலிலிருந்து கீழே இழுத்துப் போட்டது.

பங்காரப்பேட்டைக்குச் சற்று முன்னால் ரயில் ஊர்ந்துகொண்டிருந்திருக்கிறது. உள்ளே கூட்டம். இவள் கதவோரம் நின்றிருக்கிறாள். கீழே நின்ற ஒருவன் பையின் வாரைப் பிடித்து இழுத்திருக்கிறான். பை போனது, கயிறு விறைத்தது, பின்னாலேயே இவளும் ஜல்லியில் போய் விழுந்தாள். பை கையோடு வரவில்லை என்றதும் அவன் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு ஓடிவிட்டான். இவளுக்கு முழங்கால், முழங்கை, ஒரு பக்கக் கன்னம் எல்லாம் சிராய்ப்பு. ஒரு லென்ஸ் உடைந்தது. கேமரா தப்பித்தது.

சக்கரத்துக்கும் உன் காலுக்கும் எவ்வளவு தூரம் இருந்தது என்று கேட்டேன். சிரித்தபடி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். ஒரு வாரம் கழித்து, துணி மடிக்கும்போது, சும்மா கேட்பதுபோல மறுபடி கேட்டேன். இந்த முறை கைகள் அவ்வளவு விரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்துவிட்டு, "இன்னா முடிச்சுக்கா அது! நீங்க போட்டதாமே? கேமரா போகாம காப்பாத்திட்சே!" என்றாள். தெருவில் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். நான் தலையாட்டினேன். அப்பாவின் கயிறு கீழே நிற்கிற ஆளுக்காகக் கட்டியது. ஸ்பேனருக்காக இல்லை. முடிச்சை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, அது எதற்கு என்பதை நான் மறந்திருந்தேன்.

மகளுக்கோ அந்தக் கயிற்றின் மேல் நம்பிக்கை கூடிவிட்டது. "கேமராவுக்கு இன்சூரன்ஸா? எடுத்துடு. ஆனா கயிறு இருக்கட்டும்மா" என்றாள்.

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறார் அந்த ஏஜென்ட். பாத்திரக்கடையும் அவர்கள் குடும்பத்தினுடையதுதான். என்னிடம் இரண்டு பாலிசிகளை எடுத்துக் காட்டினார். முதலாவதில் பிரீமியம் குறைவு. திருட்டுக்குப் பணம் வரும், ஆனால் பலவந்தம் நடந்ததற்கு அடையாளம் இருக்க வேண்டும்.

"அடையாளம்னா?"

"பூட்டு உடைஞ்சிருக்கணும், கதவு பேந்திருக்கணும். ரயில்லன்னா…" கொஞ்சம் யோசித்தார். "பாப்பா கையில ஒரு கீறல் இருந்தா கிளெய்ம் சீக்கிரம் வந்துடும்க்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. நடந்தது அவருக்குத் தெரியாது. தண்ணீர் கேட்டேன்.

அடுத்து, படிவத்தில் பொருளை எப்படி எடுத்துச் செல்கிறீர்கள் என்ற கேள்வி. கைக்குட்டை தேடிய அவசரத்தில் கயிறு மேஜை மேல் விழுந்தது. கேமராப் பையை மகள் இடுப்போடு கட்டும் கயிறு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "அட, இதையே எழுதுங்கக்கா. இடுப்போட கட்டினுதான் போவுதுன்னு. கம்பெனிக்காரன் சந்தோஷப்படுவான்."

"எழுத மாட்டேன்" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. கீழே பாத்திரச் சத்தம் நின்றது.

இரண்டாவது பாலிசியைக் கேட்டேன். பிரீமியம் அதிகம். கீழே விழுந்து உடைந்தாலும், யாராவது பிடுங்கிக்கொண்டு போனாலும் பணம் வரும்.

"அவளே விட்டுட்டா?"

"இன்னாது?"

"ஒருத்தன் இழுக்கறான். இவ பிடிச்சுக்கல, விட்டுட்டா. அப்பவும் வருமா?"

"போலீஸ்ல கம்ப்ளைன்ட் கொடுத்தா வரும். ஆனா தானா தூக்கிக் கொடுத்தா அது தானம்க்கா." மறுபடி சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க கேமராவுக்கு எடுக்கறீங்களா, பாப்பாவுக்கா?" என்றார்.

பிடுங்கினால் பணம் வரும் என்ற வரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தது. மூன்று முறை படித்தேன். பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து, அவள் கண்ணெதிரே கயிற்றை அரிவாள்மணையில் துண்டு துண்டாக அறுத்தேன். பாலிசியை அவள் முன்னால் வைத்தேன். "இனிமே எவனாவது இழுத்தா விட்டுடு. புதுசு வாங்கிக்கலாம்."

படித்துவிட்டு அமைதியாகக் கேட்டாள், "கேமரா வரும்மா. மெமரி கார்டுல இருக்கிற கல்யாணம் வருமா? தாலியைக் கழட்டிட்டு மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?"

அப்போதுதான் புரிந்தது, அன்று அவள் கயிறு இல்லாமலிருந்தாலும் விட்டிருக்க மாட்டாள். என் முடிச்சு அவள் கைக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பாலிசியிலும் அதற்கு ஒரு வரி கிடையாது. இரவெல்லாம் நான் பயந்துகொண்டிருந்ததில் பாதியைத்தான் ராபர்ட்சன்பேட்டையில் தீர்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஒன்று செய்யலாம் என்று அவளே சொன்னாள். அவள் கேமராவில் இரண்டு கார்டு போடலாம். ஒரே படம் இரண்டிலும் பதியும். கல்யாணம் முடிந்ததும் ஒன்றை எடுத்துத் தன் மேலேயே வைத்துக்கொள்ளலாம். அவளுடைய ஆறு பேன்ட்களிலும் இடுப்புக்கு உள்பக்கம் தீப்பெட்டி அளவில் பை தைத்தேன். நாலு முறை நூல் அறுந்தது.

முந்தாநாள் வேலைக்குத் திரும்பினாள். நானும் மாரிகுப்பம் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். கதவோரம் வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன்.

"யாராவது இழுத்தா?"

"விட்டுடுவேன்."

"கத்துவியா?"

"முதல்ல விடுவேன், அப்புறம் கத்துவேன். போதுமா? எத்தினி வாட்டிம்மா கேப்ப, எல்லாரும் பாக்கறாங்க."

ரயில் நகர்ந்தது. அப்போதுதான் கவனித்தேன், பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள். அவளுக்கே அது தெரிந்திருக்காது. நான் கூடவே ஓடி ஜன்னல் கம்பியைத் தட்டினேன், கையைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்றை அவிழ்த்தாள்.

இரண்டாவது சுற்றையும் அவிழ்த்தாளா என்று பார்ப்பதற்குள் பெட்டி கடந்துவிட்டது.