பூட்டிய கேட்டுக்கு ஒரு சாய்தளம்

என் அறிவின் ஆழத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாவலூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளன் என்ற முறையில் முதியவர்களுக்காக ஒரு சாய்தளம் கட்டினேன். இரண்டு பக்கமும் பளபளக்கும் கைப்பிடி, வழுக்காத ஓடு, ஓரத்தில் மஞ்சள் கோடு. ரிப்பன் வெட்டி, கேசரி கொடுத்து, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். சாய்தளம் நேராகப் போய் முடிகிற இடம் எங்கள் பின்கேட். அந்தக் கேட்டோ பல வாரங்களாகப் பூட்டிக் கிடந்தது. திறப்பு விழா அன்றும் பூட்டித்தான் இருந்தது. வந்திருந்த கூட்டத்தில் இதைக் கவனித்தவர் என் மாமனார் ஒருவர்தான். கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, கம்பி வழியே வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரோடு ஷோக்கா கீது மாப்ள. இத்த புடிச்சிகினு எங்க போறது?"

மாமனார் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், திருப்போரூர்க்காரர். மாமியார் போன பிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று என் மனைவி அழுது பிடித்து அழைத்து வந்தாள். அவர் வந்ததற்குக் காரணம் மகள் பாசம் பாதி, பின்கேட் பாதி. கேட்டைத் தாண்டினால் பஸ் நிறுத்தம். காலையில் பலகாரம் முடிந்ததும் சட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார், திருப்போரூர் பஸ் நிலையத்தில் இறங்குவார், பழைய சகாக்களோடு டீ குடிப்பார், பஸ்ஸைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் எடுக்கும் இளம் ஓட்டுநர்களை வாயாரத் திட்டுவார், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். அவ்வளவுதான். ஆனால் அந்தத் திட்டு இல்லாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. இந்த நிலையில்தான் எங்கள் வளாகத்தில் யாருடைய ஸ்கூட்டரோ காணாமல் போக, பின்கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. முன்கேட் வழியாக அதே நிறுத்தத்துக்குப் போக வேண்டுமானால் வளாகத்தை முழுதாகச் சுற்றி, மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட நடைபாதையில் குதித்துக் குதித்துப் போக வேண்டும். அவர் முழங்கால் குதிக்கிற வகை அல்ல. "வெளிய போக வழி இல்லன்னா நான் ஊருக்கே போய்க்கிறேன்" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் ரசத்தைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்தேன்.

குழுவில் வாக்கெடுப்பு வைத்தேன்: பின்கேட்டைத் திறக்கலாமா? நம் ஆட்கள் ஜனநாயகத்தில் கில்லாடிகள். ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. குழுவில் இருக்கும் எண்களோ மகனுடையது, அல்லது மருமகளுடையது. வெளியே போக வேண்டியவர் ஒருவர்கூட அதில் இல்லை. 'வேண்டாம்' அமோக வெற்றி பெற்றது. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, அதுதான் எரிச்சல். "அப்பா வெளியே போய் விழுந்துட்டா?" என்று ஒவ்வொருவரும் கண் கலங்கக் கேட்டார்கள். விழாமல் இருக்க அப்பாக்களுக்குச் சிரிப்பு மன்றம் தொடங்கினோம், கூழாங்கல் பதித்த பாதை போட்டோம், ஞாயிறு தோறும் விநாடி வினா வைத்தோம். கூழாங்கல்லில் நடந்த முதல் ஆள் நான், வழுக்கி விழுந்த முதல் ஆளும் நானே. சிரிப்பு மன்றத்துக்கு மாமனார் ஒரே ஒரு நாள் வந்தார். கையைத் தூக்கிக்கொண்டு "ஹா ஹா" என்று நான் தொடங்கி வைத்ததும் எழுந்துவிட்டார். "உன்ன பாத்தா எனக்கு எப்பவும் சிரிப்புதான் வருது. அதுக்கு இன்னாத்துக்கு மன்றம்?"

பிறகு ஒரு சமரசம் கண்டுபிடித்தேன். எங்கள் காவலர்களின் கைப்பேசியில் ஒரு செயலி உண்டு. குழந்தைகள் தனியாக வெளியே போனால் பெற்றோருக்கு அதில் கேள்வி வரும், அவர்கள் சரி என்று அழுத்தினால்தான் காவலர் விடுவார். பின்கேட்டைப் பெரியவர்களுக்காகத் திறப்போம், அவர்கள் பெயரையும் இந்தச் செயலியில் சேர்த்துவிடுவோம் என்றேன். கைதட்டினார்கள். மறுநாள் அலுவலகத்தில் ஒரு கூட்டம். கைப்பேசியை ஓசையடக்கிக் கவிழ்த்து வைத்திருந்தேன். கூட்டம் முடிந்து எடுத்துப் பார்த்தால், முறுக்கிய வெள்ளை மீசையோடு மாமனார் படம். கீழே, 'உங்கள் குழந்தை வெளியே செல்லலாமா?' மீண்டும் அதே படம், அதே கேள்வி. வரிசையாக வந்து கிடந்தன.

காவலரைக் கூப்பிட்டேன். "வெயில்லயே நின்னுகினு இருந்தாரு சார். பஸ்ஸு வந்துச்சு, போச்சு. நீங்க அமுத்தாம நான் வுட்டா என் வேல பூடும் சார்."

மாலையில் நான் வீடு திரும்பியபோது மாமனார் மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மகளிடம்தான் சொன்னார். "உன் புருசன் எனக்கு அப்பனாயிட்டாம்மா. அப்பனாண்ட கேட்டுகினு பஸ் ஏறுற வயசா எனக்கு?" விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு, முன்கேட் வாசலில் ஆட்டோ பிடித்துத் திருப்போரூர் போய்விட்டார். அங்கே அவருடைய வீடு ஒன்றும் சொர்க்கம் இல்லை. வாசல்படி முழங்கால் உயரம், குளியலறை கொல்லைப்புறம், தெருவில் பாதிச் சாக்கடைக்கு மூடி கிடையாது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் எங்கள் வளாகம்தான் முதியவர்களுக்கு ஏற்ற இடம். கைப்பிடி இருக்கிறது, ஓடு வழுக்காது. ஞாயிற்றுக்கிழமைதோறும் குழம்புத் தூக்கோடு திருப்போரூர் போய் வந்த என் மனைவிக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்லும் தைரியம் மட்டும் எனக்கு வரவில்லை.

கடைசியில் சங்கக் கூட்டத்தில் கத்திவிட்டேன். இனி இந்த விஷயத்தில் பிள்ளைகள் பேசக் கூடாது, பெரியவர்களை நேரில் கூப்பிடுங்கள் என்றேன். அடுத்த கூட்டத்துக்கு வந்தார்கள். மூன்றாவது மாடிக்காரர் வழக்கம்போல எழுந்து, "எங்கம்மாவுக்கு வெளிய போகணும்னே தோணாது சார்" என்றார். பின்னால் நாற்காலியில் இருந்த அவர் அம்மா, "நீ என்னைக்குடா கேட்ட?" என்றார். எழுந்த வேகத்தில் மகன் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. காலை முதல் இருட்டும் வரை பின்கேட் திறந்திருக்கும், வளர்ந்தவர்களுக்குச் செயலி கிடையாது என்று முடிவானது.

மறுநாள் காலை நானே கேட்டைத் திறந்துவிட்டு வந்து, சாவிக்கொத்தை விரலில் சுற்றியபடி வெற்றி வீரனாக மாமனாருக்குப் போன் போட்டேன். பின்னால் பஸ் உறுமும் சத்தம். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும் யாரையோ "ஒடி, ஒடி, இன்னும் ஒடிடா" என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, பின்கேட் தெறந்தாச்சு. ஆப் கெடையாது, பர்மிஷன் கெடையாது. யாரும் உங்கள ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. நாளைக்கே வந்துடுங்க."

"இர்ரா" என்று அங்கே பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

"சாவி யாராண்ட கீது?"