கோல்பி டோம்பெக்கைப் பற்றி என் வீட்டுக்காரர் சொன்ன ஆரூடம்

என் வீட்டுக்காரர் ஹார்லன் வோய்ட் பால் வண்டி ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் கிளம்பி, பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றி, சீஸ் ஆலையில் இறக்கிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுவார். யாருடைய வண்டி பனியில் சிக்கினாலும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார். விஸ்கான்சினில் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். கோல்பி டோம்பெக் ஆடுவதை டிவியில் அவரோடு உட்கார்ந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கோல்பி பக்கத்து வீட்டு ரெனேயின் மகன். பேஸ்பாலில் கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருந்து, எந்தப் பந்தை வீச வேண்டும் என்று பிட்சருக்கு விரல் ஜாடையில் சொல்லி, அதை வாங்குகிற வேலை. சின்ன அணியில் பழகிக்கொண்டிருந்தவனை இந்த வருஷம் நகரத்துப் பெரிய அணி எடுத்துக்கொண்டது. புதுசாக வந்திருக்கிற பையன்களில் இவனை மிஞ்ச ஆளில்லை என்று பேப்பரில் எல்லாம் போட்டார்கள்.

எங்கள் மகன் வேட் அவனைவிட ஒரு வயசு மூத்தவன். அவனும் கேட்சர்தான், அதாவது கோல்பி பள்ளிக்கூட அணிக்கு வருகிறவரைக்கும். கோல்பி வந்ததும் கோச் அந்த இடத்தை அவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வேடை மைதானத்தின் ஒரு ஓரத்தில் புல் வளர்கிறதை வேடிக்கை பார்க்க அனுப்பிவிட்டார். அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குப் பற்றிய வயிறு இன்னும் அணையவில்லை. அந்தக் கோச் ரிட்டையராகி, வெயில் தேடி அரிசோனா போயே வருஷக்கணக்காகிவிட்டது.

வெறும் பொறாமை என்று சொல்லிவிட முடியாதபடி அவரிடம் ஒரு சாட்சியும் இருந்தது. எங்கள் டிராக்டர் கொட்டகைதான் அந்தச் சாட்சி. பனிக்காலத்தில் அங்கே வலை கட்டி இரண்டு பையன்களையும் பழக்குவார். இவர் வீசுவார். ஒருவன் அடிப்பான், மற்றவன் பின்னால் குந்தி எந்தப் பந்து என்று ஜாடை காட்டி வாங்குவான். வேகப் பந்தோ, வந்து கடைசியில் தரைக்குக் கவிழ்கிற மெதுவான பந்தோ, வேட் எதையும் அடிக்காமல் விடமாட்டான். கோல்பி மட்டையைப் பிடித்தால் மெதுவான பந்துக்கெல்லாம் குளவி விரட்டுகிற மாதிரி காற்றை அடிப்பான். "நான்தானே வீசினேன், எனக்குத் தெரியாதா?" என்பார். கல்யாண வீட்டிலும் சொல்லியிருக்கிறார், சாவு வீட்டிலும் சொல்லியிருக்கிறார். சரி, நிஜ ஆட்டத்தில் வேட் ஏன் அப்படி அடிக்கவில்லை என்று யாராவது கேட்டால், கோச் பிள்ளையின் மனசை உடைத்துவிட்டார் என்று பதில் தயாராக இருக்கும்.

எனக்கு மட்டும் எரியவில்லையா? நன்றாகவே எரிந்தது. ரெனே மகன் பேர் போட்ட சட்டையைச் சர்ச்சுக்கே போட்டுக்கொண்டு வந்தாள். என் பேரக்குழந்தை பிறந்ததைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன். அதற்குள் நாலு பேர் அவளைச் சுற்றிக்கொண்டு, கோல்பி என்ன சாப்பிடுகிறான், யாரோடு சுற்றுகிறான் என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் கொண்டுபோன உருளைக்கிழங்கு அடையை மூடியோடு திருப்பி எடுத்துவந்த ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு.

வெள்ளிக்கிழமை என்றால் ஊரே கோர்டி கடையில்தான் இருக்கும். பீர் மாவில் பொரித்த மீன், ரை மாவு ரொட்டி, பெரியவர்களுக்குப் பிராந்தி. சீசன் தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அங்கே ஒரு வழக்கம். அணிக்குப் புதுசாக வந்த பையன் எப்படி ஆடுவான் என்று ஒவ்வொருவரும் எழுந்து ஆரூடம் சொல்ல வேண்டும். சொன்னதைப் பிறகு மாற்றக் கூடாது. யாருடையது ரொம்பக் கோணலாகப் போகிறதோ அவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க ஊருக்கே மீன் பொரிக்க வேண்டும். பையனின் சொந்தக்காரர் எதிரில் இருந்தாலும் மனசில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் இதுவரைக்கும் யாரையும் சங்கடப்படுத்தியதில்லை, ஏனென்றால் இதுவரைக்கும் எந்தப் பையனும் எங்கள் ஊர்ப் பையனாக இருந்ததில்லை.

இந்தத் தடவை ஆளாளுக்கு வாரி வழங்கினார்கள். இருபது ஹோம் ரன் அடிப்பான் என்றார் ஒருவர். வருஷத்தின் சிறந்த புதுமுகம் இவன்தான் என்றார் கோர்டி. ரெனே கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"ஜூலை நாலாந்தேதிக்கு முன்னாடி சின்ன அணிக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார்.

ரெனே முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. உள்ளுக்குள்ளே கொஞ்சம் குளிர்ந்ததும் உண்மை, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஏப்ரல் முழுக்கக் கோல்பி வெளுத்துக் கட்டினான். இவர் டிவி முன்னால் புகைந்துகொண்டிருந்தார். பையன் ஒரு பந்தைத் தவறவிட்டால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார், நல்லபடி அடித்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். அந்த மாதம் மனுஷன் தண்ணீராகக் குடித்துத் தீர்த்தார்.

மே மாதம் காற்று மாறியது. கோல்பி கேட்சராக இருக்கிற நாளெல்லாம் எதிரணிக்காரர்கள் அவன் அணிப் பிட்சரைப் போட்டுத் துவைத்தார்கள். முக்கியமாக, பிட்சருக்குப் பின்னால் கேட்சரைப் பார்த்தபடி இருக்கிற இரண்டாவது பேஸில் எதிராளி ஒருவன் நின்றுவிட்டால் போதும், என்ன பந்து வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த மாதிரி அடித்தார்கள். பையன் பந்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று பேப்பர்காரர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அதோடு அவன் மட்டையும் சுருண்டுவிட்டது.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் இவர் என்னைக் கூப்பிட்டார். "மார்லிஸ், இங்க வா. அவனோட வலது கையைப் பாரு" என்றார்.

பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவர் காட்டக் காட்டப் புரிந்தது. வேகப் பந்து கேட்டால் கிளவுஸ் போடாத அந்தக் கை முழங்காலுக்குப் பக்கத்தில் சும்மா இருக்கிறது. தரைக்குக் கவிழ்கிற பந்து கேட்டால் மட்டும், பிட்சர் கையைத் தூக்குவதற்கு முன்பே கணுக்காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. எதிரில் இரண்டாவது பேஸில் நிற்கிறவனுக்கு அது அப்பட்டமாகத் தெரியும். அவன் மட்டைக்காரனுக்கு ஜாடை காட்டிவிடுகிறான். எனக்குக் காரணமும் தெரியும். சின்ன வயசில் எங்கள் கொட்டகைத் தரையில் பட்டு எகிறிய பந்து கோல்பியின் கட்டைவிரலை உடைத்திருக்கிறது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பயம் கையை விட்டுப் போகவில்லை.

ரெனேயிடம் சொல்லிவிடலாமே என்றேன். அந்த அணியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பத்துப் பேர் சம்பளம் வாங்குகிறார்கள், அவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்றுவிட்டார். இந்த விஷயம் யார் கண்ணிலும் படாமல் இருந்தால் அவர் ஆரூடம் பலித்துவிடும். அதற்கு அவர் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான். ஊரெல்லாம் பேசுகிற மனுஷனுக்கு இது மட்டும் சுலபமாக வந்தது.

நானாவது சொல்லியிருப்பேன். ஒரு நாள் வேலி ஓரமாக ரெனே நின்றிருந்தாள், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. அடுத்த வாரத்துக்குள் ஏதாவது நடக்காவிட்டால் கீழே அனுப்பிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு, "உங்க வேட் குடுத்து வெச்சவன். அவன்கிட்ட யாரும் எதையும் எதிர்பார்க்கல" என்றாள். வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, துணி காய்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பகலாட்டம். ஆட்டம் முடிந்ததும் கோல்பி காரை எடுத்துக்கொண்டு நேராக ஊருக்கு வந்துவிட்டான். நாங்கள் மூன்று பேரும் கோர்டி கடையில் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வேட் மின்கம்பம் ஏறுகிறவன். சாயங்கால ஷிஃப்ட் என்பதால் அவனுக்கு ஆட்டம் பார்க்க நேரமே கிடைப்பதில்லை, அன்றைக்கு என்னவோ லீவு. கோல்பி உள்ளே வந்ததும் கடையே திரும்பிப் பார்த்தது. அவன் யாரையும் பார்க்காமல் எங்கள் மேஜைக்கு வந்து தொப்பியைக் கழற்றினான்.

"மிஸ்டர் வோய்ட், நீங்க சொன்னதை அம்மா சொன்னாங்க. அதுக்காகச் சண்டை போட வரல" என்றான். "எங்கப்பாவைவிட நீங்கதான் எனக்கு அதிகமாப் பந்து போட்டிருக்கீங்க. நான் எங்கயோ தப்புப் பண்றேன். உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

என் வீட்டுக்காரர் தட்டில் இருந்த மீனைப் பார்த்தார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே தம்பி" என்றார்.

இத்தனை வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியதில் அன்றைக்குத்தான் அவரைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பையன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினான்.

வேட் ரொட்டியை மென்றுகொண்டே கேட்டான். "ஏண்டா, மெதுவான பந்து கேக்கிறப்ப உன் கை இன்னும் பின்னாடிதான் ஓடுதா?"

கோல்பி நின்றான். "எந்தக் கை?"

"வலது கை. கொட்டகையில உனக்குப் பின்னாடிதானே லைட்டு இருக்கும். கையை ஒளிச்சா தரையில உன் நிழல் மாறிடும். எனக்குப் பதினாலு வயசிலேர்ந்தே தெரியும். அதைப் பாத்துத்தான் நான் எல்லாத்தையும் அடிச்சேன். இல்லேன்னா அப்பா போடுற அந்தப் பந்தை நான் தொட்டிருப்பேனா?"

கோல்பி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வேடின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறாயே படுபாவி என்று கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாருக்கோ போன் பண்ண வேண்டும் என்று கோல்பி வெளியே ஓடினான். அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை. ஜூலை நாலு வந்து போனது, ஏப்ரன் என் வீட்டுக்காரர் இடுப்பில்தான் ஏறியது. அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு அவர் மீனை முடிக்கவில்லை. வண்டியில் நான் நடுவில், வேட் ஜன்னல் ஓரம். வெளிச்சம் இன்னும் இருந்தது. பாதி வழியில் அவர் வாயைத் திறந்தார்.

"அப்ப அந்தக் கோச் பண்ணினது..."

"சரியாத்தான் பண்ணினாருப்பா. அவன்தான் நல்ல கேட்சர். எங்க எல்லாருக்கும் தெரியும்."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

வேட் வெளியே சோளக்காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் அடிக்கிறப்பல்லாம் நீ ஒரு சிரிப்புச் சிரிப்பே" என்றான். "வேற எதுக்கும் நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லப்பா."

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற இடம் வந்தது, தூரத்தில் அந்தக் கொட்டகை தெரிந்தது. அவர் திருப்பவில்லை, நேராகப் போய்க்கொண்டே இருந்தார்.