ஹார்ஜந்தோ உட்கார்ந்த நாள்

இந்தோனேசியாவில் எங்கள் ஊரான சிடோஆர்ஜோவில் உடம்புக்கு எது வந்தாலும் ஒரே பெயர்தான்: காற்று புகுந்துவிட்டது. தலைவலியா, காற்று. தூக்கமில்லையா, காற்று. கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஓடிப்போனாலும் அதையே சொல்லிச் சமாளிப்பார்கள். மருந்தும் ஒன்றே. முதுகில் தைலம் தடவி, நாணயத்தால் கோடு கோடாகச் சுரண்ட வேண்டும். சிவந்தால் காற்று வெளியேறியதாக அர்த்தம்.

பக்கத்து வீட்டு ஹார்ஜந்தோவின் முதுகு மாதக்கணக்கில் சிவந்தே கிடந்தது. இறால் அப்பளத் தொழிற்சாலை முதலாளி அவர்; தொழிலாளிகளுக்கு 'பாக்', அதாவது ஐயா. சட்டையில்லாமல் கொல்லைக்கு வந்தால் பூனைகள் புலியென்று நினைத்து சலாம் போட்டுவிட்டு ஓடும். சுரண்டிய நாணயமோ கண்ணாடியாகத் தேய்ந்து, அவர் மனைவி வினார்னி அதில் முகம் பார்த்துத்தான் முக்காட்டைச் சரிசெய்வாள்!

அவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை நடுங்கும். செத்தோம் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்.

"இதயத்துல ஒரு கோளாறும் இல்ல, குதிரை மாதிரி நல்லா ஓடுது. மனநல டாக்டரைப் பாருங்க" என்றார் டாக்டர்.

"நான் என்ன பைத்தியமா? இத்தனை குடும்பம் என்னை நம்பி இருக்கு. இது காத்துதான்!"

திரும்பி வந்து மறுபடி நிற்பார். ஆமாம், நிற்பார். சாப்பிடுவதுகூட நின்றபடிதான். 'முதலாளி உட்கார்ந்தா தொழிற்சாலையே உட்கார்ந்துரும்' என்பது அவர் நம்பிக்கை.

அப்படியிருக்க, நெதர்லாந்துக்கு முதல் அப்பளக் கன்டெய்னர் கிளம்பும் நாள் வந்தது! தெருவே திருவிழா. சுவரோரம் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். காதுக்குத் தாழ்ப்பாள் கிடையாதே, கேட்டுவிட்டது.

"வினார்னி, இன்னிக்கு எல்லார் முன்னாடியும் நடுங்கினேன்னா நாளைக்கே தொழிற்சாலைக் கதவைச் சாத்திடுவேன். இந்த மாதிரி ஆளை நம்பி யாரு வேலை செய்வா?"

"முதல்ல சட்டையைப் போடுங்க மாஸ். முதுகைப் பாத்து கன்டெய்னர் தானா ஓடிடப் போகுது" என்றாள் வினார்னி. புருஷன் அவளுக்கு எப்போதும் 'மாஸ்'தான்.

தொழிற்சாலை முற்றத்தில் மஞ்சள் சோற்றுக் கோபுரம். எரிமலை உயரம், உச்சியில் ஒரு மேகம் தங்கிப்போனதை நானே பார்த்தேன். வழக்கப்படி முதலாளி அதன் நுனியை வெட்டி, கூட்டத்தில் ரொம்ப மரியாதைக்குரியவருக்குக் கொடுக்க வேண்டும். ஹார்ஜந்தோ கத்தியை எடுத்தார். கை நடுங்கியது. கத்தி தட்டில் டகடகவென்று அடிக்க, தாளம் போடுகிறார் என்று நினைத்துத் தொழிலாளிகள் கைதட்டினார்கள்! அவர் முகம் வெளுத்தது. மூச்சு திணறியது.

"பாக், காத்தா?" என்று கத்தினாள் மேஸ்திரி சுமிரா. "தைலம் எடுங்கடி! யாருகிட்ட சில்லறை இருக்கு?"

ஆளாளுக்கு நாணயத்தோடு பாய்ந்தார்கள். ஒருத்தி அவர் காலரையே பிடித்துவிட்டாள்.

"காத்து இல்லடீ!" என்று அலறினார் ஹார்ஜந்தோ. "பயம்! எனக்குப் பயம்! ஏதாவது ஒண்ணு தப்பாயிட்டா உங்க எல்லாரையும் நடுத்தெருவுல நிறுத்திடுவேனோன்னு பயம்!"

சொன்னவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் தொழிற்சாலையைத் திரும்பிப் பார்த்தோம். அது உட்காரவில்லை. உள்ளே ஆவி அடுப்பு உஸ்ஸென்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுமிரா அவர் பக்கத்தில் தொப்பென்று அமர்ந்தாள். "அப்பாடா! நீங்க நின்னுட்டே இருந்தா நாங்க எப்படி பாக் உட்காருறது? எங்க முட்டி எல்லாம் போச்சு!"

ஒரே சிரிப்பு. ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். வினார்னி சோற்று நுனியை வெட்டி எடுத்துக் கணவர் எதிரே குந்தினாள்.

"கதவைச் சாத்துற பேச்சை விட்டுட்டு வாயைத் திறங்க மாஸ்."

திறந்தார். அழுதுகொண்டே மென்றார்.

"நான் மட்டும்தான் நிக்கிறேன். கிளம்பட்டுமா, இல்ல நானும் உட்காரட்டுமா?" என்றான் லாரி டிரைவர்.

"கிளம்புடா!" என்று எல்லாரும் கத்த, ஊரே அதிரும் ஹாரனோடு கன்டெய்னர் கிளம்பியது. முதலாளி உட்கார்ந்தபடியே கையசைத்தார். கை அப்போதும் நடுங்கியது. அதனால் என்ன, அசைக்கும் கையில் யாருக்குத் தெரியும்!

மறுவாரம் மனநல டாக்டரிடம் போனார், வினார்னியோடு. தொழிற்சாலைக் கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே புதிதாக ஒரு பெஞ்சு. இன்னமும் ஒருசில நாள் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. "இன்னிக்குப் பயம்" என்று சுமிராவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அதில் உட்கார்ந்துகொள்கிறார்.

முதுகுக் கோடுகள் மறைந்துவிட்டன. உட்கார்ந்து சாப்பிடுகிறார் வேறு. பூனைகளுக்கு மரியாதையே போய்விட்டது. நேராக அவர் தட்டு மீனிலேயே வாய் வைக்கின்றன.