மடிக்குப் பதிலாக வந்த சீட்

தங்கச்சியின் காரில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. பின்னால், இடது பக்கம், ஜன்னலோரம். நான் ஏறி உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டதும் அவள் பிள்ளையை என் மடியில் வைப்பாள். பிறகு முன்னால் போய்ப் புருஷனுக்குப் பக்கத்தில் உட்காருவாள். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். கண்டி டவுனுக்குப் போனாலும் சரி, கலஹா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அவளுடைய மாமனார் வீட்டுக்குப் போனாலும் சரி, பிள்ளைக்கு என் மடிதான் சீட்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சி முழுகாமல் இருந்தபோது துணைக்கென்று கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் அவள் வீட்டுக்கு வந்தேன். அப்படியே தங்கிவிட்டேன். அவள் டவுனில் ஒரு ஒபிசில் வேலை செய்கிறாள். காலையில் அவள் போனதிலிருந்து சாயங்காலம் வரும்வரை பிள்ளை என்னோடுதான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நான்.

எனக்கு வெளி ஆட்களோடு பேச வராது. பஸ்ஸில் போனால் இறங்கும் இடம் வந்ததும் சத்தமாகச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஹோல்ட்டில் யாராவது இறங்கும்போது சேர்ந்து இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். அதனால் நான் வெளியே போவதென்றால் அந்தக் காரில்தான். பிள்ளையைத் தூக்க ஆள் வேண்டும் என்பதால் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் போவேன். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

ஒரு நாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட ஒரு பஸ் திடீரென்று நின்றது. தங்கச்சி புருஷன் பிரேக் அடித்தார். பிள்ளை என் மடியிலிருந்து வழுக்கி முன் சீட்டின் முதுகில் போய் மோதினாள். நான் இழுத்துப் பிடித்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் புடிச்சிருந்தேன் தம்பி," என்றேன். அவரை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

"உங்கள ஒன்னும் சொல்லல அக்கா," என்றார்.

அடுத்த சனிக்கிழமை, சின்னப் பிள்ளைகளைக் காரில் உட்காரவைத்துக் கட்டும் அந்த சீட் வந்தது.

தம்பியோடு பல்லேகலயில் வேலை செய்யும் மடவளைக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். அவருடைய மகள் வளர்ந்துவிட்டதால் வீட்டில் சும்மா கிடந்ததாம். சாம்பல் நிறம், பெரிய தலைமாடு, தோளுக்கு இரண்டு பெல்ட், காலுக்கு நடுவில் சிவப்புப் பொத்தான். நான் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றேன். அவர் கார்க் கதவைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"என்ன மச்சான், கார் சீட்டுட பொலித்தீன இன்னும் கழட்டலயா? இதுக்கு மேல வெச்சா வழுக்கிக்கிட்டுப் போகுமே."

"அழுக்காயிரும்னு வச்சிருக்கேன் மச்சான்."

"புள்ளயா, பொலித்தீனா?"

கார் வாங்கிய நாளிலிருந்து கழற்றாத பொலித்தீனைத் தம்பி அன்றைக்குக் கிழித்தெடுத்தார். வெயில் நாட்களில் அது என் முதுகில் ஒட்டிக்கொண்டு, இறங்கும்போது சேலை சரசரவென்று பிரிந்து வரும். எனக்காக ஒரு நாளும் கழற்றாதது அந்த சீட்டுக்காகக் கழன்றது. சீட்டை எங்கே வைத்தார்கள் தெரியுமா? இடது பக்கம், ஜன்னலோரம்.

மடவளைக்காரர் ஒரு முழங்காலை அதன்மேல் ஊன்றி, கார் பெல்ட்டை இழுத்து இறுக்கினார். பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் பாதுகாப்பு என்றார். பிறகு தோள் பெல்ட்டைக் காட்டி விளக்க ஆரம்பிக்கும்போது தம்பிக்குப் போன் வந்தது. அவர் கேட் பக்கம் போய்விட்டார். தங்கச்சி உள்ளே பிள்ளைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த மனுசன் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே புள்ளயோட பின்னுக்கு இரிக்கிற? அப்ப நீங்க பாத்துக்கங்க. இந்த பெல்ட் முறுகக் கூடாது. முறுகினா கவுறு மாதிரி தோள்ல அறுக்கும், புள்ள கத்தும். தடிச்ச சுவெட்டர் போட்டு மாட்டவும் வேணாம். மாட்டிட்டு ஒரு விரல உட்டுப் பாருங்க. ஒரு விரல்தான் போகணும்."

நான் தலையை ஆட்டினேன். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் வெட்கத்தில். பிறகு வேறு காரணத்தில்.

முதல் பயணம் கலஹாவுக்கு. நான் வலது பக்கம், தம்பியின் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். உயரமான மனுசன் என்பதால் அவர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பார். என் முழங்கால் இடித்தது. அங்கே குளிருமென்று தங்கச்சி பிள்ளைக்குச் சுவெட்டர் போட்டு, அதற்கு மேல் அவசரமாகப் பெல்ட்டை மாட்டினாள். பிள்ளை முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதாள். டவுனைத் தாண்டியும் அழுதாள். கெட்டம்பே வரும்போது தொண்டை கட்டிவிட்டது. பால் முழுக்க வாந்தி.

"நிப்பாட்டுங்க," என்றாள் தங்கச்சி. "அக்கா, தூக்கி மடியில வைங்க. போதும் இந்தக் கூத்து."

மடியில் வைத்ததும் பிள்ளை விக்கி விக்கி அழுகையை நிறுத்தினாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வாந்தி நாற்றத்தோடு அவளை அணைத்துக்கொண்டு, பக்கத்தில் வெறுமையாக இருந்த சீட்டைப் பார்த்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல? போட்டியில் ஜெயித்த மாதிரி இருந்தது.

கலஹாவில் தங்கச்சியின் மாமனார் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னாப்பா இது? புள்ளைய கட்டிப் போட்டா கொண்டாந்தீங்க? எங்கயாவது ஓடிப் போயிருவாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்திருப்பேன். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "பழகுறவரைக்கும் அப்படித்தான்," என்றார்.

இரண்டாவது பயணத்தில்தான் பார்த்தேன். இடது தோள் பெல்ட் ஒரு சுற்றுச் சுற்றி முறுகியிருந்தது. பிள்ளையின் சட்டைக் கழுத்துக்குப் பக்கத்தில் பட்டையாகப் படிய வேண்டியது கயிறாக நின்றது. என் கை அங்கே போனது. பாதி தூரம் போய்த் திரும்பி வந்துவிட்டது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பிள்ளை அழுதாள். கார் நின்றது. "அக்கா, தூக்குங்க" என்றாள் தங்கச்சி.

மூன்று கிழமை அப்படியே போனது. பெல்ட்டை நான் முறுக்கவில்லை. முறுகியிருந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒவ்வொரு முறையும் ஏறியதும் என் கண் முதலில் அங்கேதான் போகும். அது அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் மனசு அமைதியாகிவிடும். தங்கச்சிக்கும் தம்பிக்கும் இதனால் சண்டைகூட வந்தது. "உங்க கூட்டாளி தந்த சனியன்" என்று அவள் சொன்னாள். அந்த மனுசன் என்னிடம் அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனது எனக்குள்ளேயே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் பட்டதும் அவள் துள்ளினாள்.

"பெரிம்மா, உவ்வா."

இடது தோளில், கழுத்து இறங்கும் இடத்தில், சிவப்பாக ஒரு கோடு. நடுவில் தோல் லேசாக உரிந்திருந்தது. முந்தின நாள் நெடுநேரம் காரை நிறுத்தாமலே போயிருந்தோம். அவள் தோளை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டினாள். காயம் பட்டால் ஊதிவிட நான்தான் பழக்கியிருந்தேன். என்னிடம்தான் காட்டினாள். நான் ஊதினேன்.

பிள்ளையைத் துடைத்துத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுத் தம்பியிடம் போனேன்.

"கார் சாவி வேணும் தம்பி."

இரண்டு வருசத்தில் நான் அவரிடம் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும். எதையோ காரில் விட்டுவிட்டேன் என்று நினைத்துக் கொடுத்தார். வெயிலில் நின்ற காருக்குள் உட்கார்ந்து அந்தப் பெல்ட்டோடு மல்லுக்கட்டினேன். முன்னால் பிடித்து எப்படித் திருப்பினாலும் சரியாகவில்லை. முறுக்கு சீட்டின் முதுகுக்குள் போகும் ஓட்டையிலிருந்தே வந்தது. சீட்டைச் சாய்த்துப் பின்பக்கத் துணியைத் தூக்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்தேன். வியர்த்து ஊற்றியது. நகம் ஒன்று உடைந்தது.

தங்கச்சி பிள்ளையோடு வந்து நின்றாள்.

"என்னக்கா செய்றீங்க?"

"பெல்ட்டு முறுகி இருந்துச்சு. அதான் அறுத்திருக்கு."

"ஐயோ, எப்பருந்து?"

"தெரியல," என்றேன்.

இதை எழுதும்போதும் அந்த ஒரு சொல்தான் என்னைக் கஷ்டப்படுத்துகிறது.

அதற்குப் பிறகு பெல்ட் மாட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சுவெட்டரைக் கழற்றிவிட்டு மாட்டுவேன், பிறகு அதைப் போர்வை மாதிரி மேலே போடுவேன். ஒரு விரலை விட்டுப் பார்ப்பேன். தோள் ஆறியதும் போன முதல் பயணத்தில் பிள்ளை பாலம் வரை முனகினாள். பிறகு பின்கண்ணாடி வழியாக மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பேராதனை வரும்போது தூங்கிவிட்டாள். இரண்டு கையையும் அந்த சீட்டின் இரண்டு பக்கமும் போட்டு, வாயைத் திறந்துகொண்டு, என் மடியில் ஒருநாளும் தூங்காத தூக்கம்.

"பாத்தீங்களா, பழகிட்டா," என்றாள் தங்கச்சி.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் தம்பி.

நான் என் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஹேண்ட்பேக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை டவுனுக்குப் போகும்போது தங்கச்சி, "நீங்க வீட்டுல இருங்கக்கா. முழங்கால் இடிக்க இடிக்க எதுக்கு வரணும்? கொஞ்சம் படுங்க," என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். நான் பிள்ளையை சீட்டில் வைத்து மாட்டிவிட்டு இறங்கி நின்றேன். பிள்ளை "டாட்டா" என்றாள். கார் கேட்டைத் தாண்டும்போது அவள் அழவில்லை. ஒரு தடவையாவது அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

அன்றைக்குப் பெருக்கின வீட்டையே திரும்பப் பெருக்கினேன். அவர்கள் இந்நேரம் வாவிக்கரைக்குப் போயிருப்பார்கள், மீனுக்குப் பொரி போடுவார்கள், பிள்ளையின் கையை யார் பிடித்திருப்பார்கள் என்று நினைத்து நினைத்து வயிறு எரிந்தது. தங்கச்சிமேல் எரிந்தது. தம்பிமேல் எரிந்தது. எல்லோரையும் விட, பேசாத, சாப்பிடாத அந்த சாம்பல் நிறச் சாமான்மேல் எரிந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது பிள்ளை "மீனு, மீனு" என்று கையை விரித்துக் காட்டினாள். நான் "அப்படியா" என்றுகூடச் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் கலஹாவுக்குப் புறப்பட்டார்கள். பிள்ளையை வைத்து, பெல்ட் மாட்டி, விரலை விட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. கதவைச் சாத்தவேண்டியதுதான். சாத்தாமல் நின்றேன்.

"நானும் வர்றேன்."

தங்கச்சி திரும்பிப் பார்த்தாள். "எதுக்குக்கா? அவதான் இப்ப அழறதில்லையே."

"சும்மாதான்."

"சும்மா வர்றதுக்கு ஏன் கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் தம்பி. "ஏறுங்க. இவ்வளவு நாளா வேணாம்னு நீங்கதான் நிக்கிறீங்கன்னு நெனச்சேன்." அவர் தன் சீட்டை ஒரு படி முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

கலஹா பாதையில் வளைவுகள் தொடங்கும் இடத்தில் பிள்ளை விழித்தாள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். "பெரிம்மா, தூக்கு."

"ரெண்டு நிமிசம் மடியில வச்சிக்கங்களேன் அக்கா, ஆசையா கேக்குறா," என்றாள் தங்கச்சி.

சிவப்புப் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"வேணாம், இருக்கட்டும்," என்றேன். "போய் எறங்கினதும் தூக்குறேன்."

பிள்ளை உதட்டைப் பிதுக்கினாள். என் விரலைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். அவள் தோளுக்குக் கீழே பெல்ட் பட்டையாக, சரியாகப் படிந்திருந்தது. அந்த சீட்டை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.