உப்புக் கண்ட தேசிமரம்

ஊர்காவற்றுறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, வன்னியிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே உயிருள்ள பொருள் ஒரு தேசிக்கன்று, எலுமிச்சைதான். குளத்துத் தண்ணீரில் வளர்ந்தவள் நான். இங்கே கதவுப் பிணைச்சல் முதல் என் தலைமயிர் வரை உப்பு. "இந்த மரம் பட்டுப்போனால் நான் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போயிடுவன்" என்று கணவரிடம் சொல்லிவைத்திருந்தேன். உயிரியல் படிப்பிக்கிற ஒருத்தி மரத்தின்மேல் பந்தயம் கட்டலாமா என்று கேட்காதீர்கள். கட்டினேன்.

மழை பொய்த்த இந்த வருடம் இலை நுனிகள் தீய்ந்தன. பிறகு கொட்டத் தொடங்கின. காரணம் ஒரு மாலையில் கண்ணில் பட்டது. கடலிலிருந்து வந்த கணவர், கிணற்றடியில் வலையை அலசி, அந்தத் தண்ணீரை வாளியோடு தூக்கிப் போய்த் தேசியின் அடியில் ஊற்றினார். இந்த வீட்டில் தண்ணீரைச் சும்மா கொட்டுவது பாவம். அரிசி கழுவிய தண்ணீருக்கும் ஒரு செடி உண்டு.

"என்ன செய்யிறீங்கள்?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உம்மட மரம் காயுதெண்டு ஒவ்வொரு நாளும் ஊத்திறனான்."

இந்த மனுசனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? என் சின்ன நுணுக்குக்காட்டியைக் குசினி மேசையில் வைத்தேன். சிவப்பு வெங்காயத் தோலை விரித்து, வலையிலிருந்து சொட்டிய கடல்நீரில் ஒரு துளி விட்டேன்.

செங்கல் அடுக்கியதுபோல ஊதா நிற உயிர்க்கலங்கள். உப்புப் பட்டதும் உள்ளிருந்த ஊதா மெல்ல மெல்லச் சுவரை விட்டு விலகி, ஒவ்வொரு அறைக்குள்ளும் சுருண்டு படுத்தது. வகுப்பில் எத்தனையோ தடவை காட்டியதுதான். அன்றைக்கு அந்த வெளிச்சத்துக்குள் நானும் இறங்கிவிட்டேன். சுற்றிவரத் தண்ணீர், உள்ளே தாகம். தேசியும் சும்மா இருக்கவில்லை. உப்பை முதிர்ந்த இலைகளின் கலங்களுக்குள் ஒதுக்கி, அந்த இலைகளையே உதிர்த்து, குருத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது. முற்றத்தில் கிடந்த சருகெல்லாம் அந்தப் பாடுதான் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

கணவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். "இதுக்கு நோகுமோ?"

"தெரியாது."

"நல்ல தண்ணி விட்டால் திரும்புமோ?"

"பிந்தாட்டித் திரும்பும். வேரடி உப்புக் கழுவுப்பட வேணும். அவ்வளவு தண்ணிக்கு எங்க போறது?"

பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீரில் குடிக்க, சமைக்கப் போக, குளிக்க ஆளுக்கு ஒரு வாளிதான் மிஞ்சும்.

நாட்கள் போயின. மரம் மொட்டையாகவே நின்றது. நான் மனதுக்குள் சாமான் கட்டத் தொடங்கியிருந்தேன்.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்து வெயிலில் நின்றவரின் முதுகில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கிணற்றுச் சவர்த் தண்ணீரில் குளிக்கிறார்.

"உங்கட வாளித் தண்ணி எங்க?"

பிடிபட்டவர்போல முற்றத்தைப் பார்த்தார். தேசியின் அடி ஈரமாக இருந்தது.

மரம் இன்னும் துளிர்க்கவில்லை. நான் இடமாற்றம் கேட்கவில்லை.