முப்பத்தெட்டு முழு மதிப்பெண்கள்

நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டு பேருக்கு முழு மதிப்பெண். ஏழாம் வகுப்பு ஆங்கிலத்தில் இப்படி ஒரு கணக்கை ஆறு வருடத் தற்காலிக வேலையில், பிள்ளைகள் கமா டீச்சர் என்று அழைக்கும் ஆசிரியை கண்டதில்லை. வினைச்சொல், உவமை, உருவகம் என்று மூன்று வாரம் திருப்புதல் நடத்தியது அவள்தான். ஆனாலும் பெருமைப்பட மனம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

தலைமை ஆசிரியைக்கும் அதே சந்தேகம்.

"கேள்வித்தாள் வெளிய போயிருக்கும்மா. திங்கக்கிழமைக்குள்ள யாருன்னு சொல்லு. இல்லன்னா உன் பேரத்தான் எழுதி அனுப்பணும். நிரந்தர ஆர்டர் வர்ற நேரம் பாரு!"

யார்? கேள்வித்தாளைப் பிரதி எடுத்தவரா? பியூனா? வீட்டுக்குள் நுழைந்ததும் கண் நாத்தனார் மேல் போய் நின்றது. முன்னறையில் டியூஷன் எடுப்பவள். வீட்டில் இருப்பதும் ஒரே மேசை.

"என் பையில கை வெச்சியா?"

"கை வெச்சா உங்க சிவப்புப் பேனாதான் குத்தும், அண்ணி. உங்க வகுப்புப் புள்ளைங்க என்கிட்ட மூணே பேரு. அதுல ரெண்டு பேரு உங்க பரீட்சையிலேயே கோட்டை விட்டுட்டாங்க. மீதி பேருக்கு மைக் வெச்சா சொன்னேன்?"

அந்தப் பேச்சு டீச்சரின் மண்டைக்குள் நின்றது. முழு மதிப்பெண் வாங்காத மூவரும் வகுப்பில் ஒரே பெஞ்சு. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரும் பெஞ்சு.

மறுநாள் பத்தரை மணிக்கு அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். வெயில் ஜன்னலில் ஏறியது. கண்ணாடியில் அவளே ஒட்டிய உவமை சார்ட், ஒருபக்கம் அச்சான பழைய தாள்களைச் சேர்த்து ஒட்டிச் செய்தது, விளக்கு போட்டதுபோல் ஒளிர்ந்தது. அவள் எழுதிய வரிகளுக்கு இடையே பின்பக்க அச்சும் இடவலம் மாறித் தெரிந்தது. கேள்வி ஒன்று, கேள்வி இரண்டு... திருத்திவிட்டுத் தூக்கிப் போட்டதாக அவள் நினைத்த கேள்வித்தாளின் முதல் பிரதி.

"எத்தனை நாளா இதப் படிக்கிறீங்க?"

வகுப்பில் வானொலி என்று பெயரெடுத்த பெண் எழுந்தாள்.

"ரெண்டு வாரமா டீச்சர். மொதல்ல கஷ்டமா இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு. நீங்கதான சார்ட்டப் பாத்துப் படிங்கன்னீங்க?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் சார்ட்டைக் கிழியாமல் உரித்தாள். பேசாமல் குப்பையில் போட்டிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. பிரதி எடுத்தவர் பேரைச் சொன்னால் பழி அவர் தலையில் விழுந்திருக்கும், அவ்வளவுதான். அவள் அதைச் சுருட்டிக்கொண்டு தலைமை ஆசிரியை அறைக்கு நடந்தாள்.

அந்த அம்மாள் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"திருடனத் தேடிக் கண்ணாடிய பாத்த கதையா போச்சே! எழுதிக் குடு, நடந்தத நடந்த மாதிரியே."

அன்று மாலை நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "அந்த ரெண்டு பேரையும் கொஞ்சம் கவனிங்க அண்ணி" என்று மட்டும் பதில் வந்தது.

வியாழக்கிழமை மறுதேர்வு. வினாத்தாளைப் பக்கத்துப் பிரிவு ஆசிரியர் தயாரிக்கிறார். பணி நிரந்தரக் கோப்பு, அவள் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு சேர்ந்து, வெள்ளிக்கிழமை மேலிடத்துக்குப் போகிறது.